மீதி இருபது அடி

1

செத்துப்போன நாய்க்கு வரி கட்டச் சொல்லிப் போன ஜனவரியில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது.

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிக்க வேண்டாம். ஜெர்மனியில் நாய் வளர்க்க வரி உண்டு. வருடா வருடம் நகராட்சிக்குக் கட்ட வேண்டும். கட்டினால் எண் பொறித்த ஒரு தகர வில்லை தருவார்கள். அதை நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டிவிட வேண்டும். நாய் இறந்தால் அதற்கும் ஒரு படிவம். இறந்த தேதி என்ன, வில்லையைத் திருப்பிக் கொடுத்தாயா, கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கும். பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன். பிள்ளை பிறந்தது, வீடு மாறியது, தும்மியது, இருமியது எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பிக் கை தேய்ந்தவள். இந்த ஒரு படிவத்தை மட்டும் நிரப்ப முடியவில்லை.

ஏனென்றால் வில்லை என்னிடம் இல்லை. அது என் மகள் நித்யாவின் கழுத்தில் இருந்தது. கறுப்புக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் போட்டிருந்தாள். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். பத்து வயதுப் பிள்ளையிடம் கையை நீட்டி, ‘கொடு, ஆபீசில் கேட்கிறார்கள்’ என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. அது ஏன் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் நாயின் பெயர் ப்ரூனோ. பழுப்பு நிறம், தொங்கு காது. அனாதை நாய்களை வைத்திருக்கும் காப்பகத்திலிருந்து நித்யாவே பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அவளுக்குத் தம்பி தங்கை இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஜெர்மன் என்று அவள் திண்டாடிய காலத்தில் இரண்டு பாஷையிலும் திட்டு வாங்கிக்கொண்டு கூடவே திரிந்தவன் அவன் ஒருவன்தான். அவள் தமிழில் மரியாதை எல்லாம் நாய்க்குத்தான். அப்பாவை ‘நீ வா’ என்பாள். நாயைப் பற்றிப் பேசினால் ‘அவர் தூங்குறார்’ என்பாள். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துபோனேன்.

அந்தக் கடிதம் வருவதற்கு முந்தைய அக்டோபரில் ப்ரூனோவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. இரவு மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்தோம். காலையில் அவன் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. நித்யா பள்ளிக்கூடத்தில், அவள் அப்பா தொழிற்சாலையில். நான் மட்டும் போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ப்ரூனோவின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, எனக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “வீட்டுக்கு எடுத்துச் செல்கிறீர்களா?”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இல்லை, வீட்டுக்கு வேண்டாம்” என்றேன்.

உங்களுக்குப் புரியும். வெளியில் போன உயிரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைத் தெருவில் பந்தல் போட்டுக் கிடத்துவோமே தவிர நிலைப்படியைத் தாண்ட விடமாட்டோம். நான் அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அப்புறம் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை. நம் ஊரில் ஒரு சாவு என்றால் மண்வெட்டியோடு நாலு பேர் தானாக வந்து நிற்பார்கள். அந்த நாலு பேர் இங்கேயும் வருவார்கள் என்று உள்ளுக்குள் எங்கோ நம்பியிருப்பேன் போல. டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் அந்தப் பட்டையிலிருந்த வில்லையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நித்யா கேட்டாள். “அவர் எங்க?”

“டாக்டர் பாத்துக்குவாங்கம்மா.”

ஒரு வாரம் கழித்து, அவள் வகுப்பில் படிக்கும் ஒரு விவசாயி மகன் விஷயத்தைச் சொல்லிவிட்டான். மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போகும் பிராணிகளை, செத்த மாடு பன்றிகளோடு சேர்த்து லாரியில் ஏற்றி ஓர் ஆலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அரைத்து வேகவைப்பார்கள். நான் நம்பாமல் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வருத்தத்தோடு, ஆமாம், சட்டம் அப்படித்தான், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே என்றார். சொந்தத் தோட்டம் இருந்தால் அதில் புதைத்துக்கொள்ளலாமாம். கீழ் வீட்டுக் கிழவி கேள்விப்பட்டு, “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பேரிக்காய் மரத்தடியில் எவ்வளவு இடம் கிடக்கிறது” என்று அங்கலாய்த்தாள்.

நித்யா அழவில்லை. என் எதிரே நின்று, ஜெர்மனில், “நீதான் அவரைக் கொடுத்துவிட்டாய்” என்றாள். அன்றோடு என்னிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பாவிடம் பேசுவாள், ஊருக்குப் போன் போட்டால் மாமாவிடம் பேசுவாள். நான் தமிழில் கேட்டால் எனக்கு ஜெர்மனில் பதில் வரும். கதவைச் சாத்தாமலே ஒரு பிள்ளை வெளியே போய்விட முடியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தாங்க முடியாமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

3

இதில் கொடுமை என்னவென்றால், நாய்ச் சாவு எனக்குப் புதிதல்ல.

எங்கள் வீடு ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டியிருக்கிறது. முன்னால் வீடு, பின்னால் எட்டு விசைத்தறி ஓடும் கொட்டகை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்வோம். அப்பா காலமான பிறகு தறிகளை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கம் அது, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் அண்ணன் சட்டைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் நாய் ஜாதிதான், சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. அந்த ஜாதியில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கேட்காத குட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசும் வீட்டுக்காரர் ஒருவர் கழித்துக் கட்ட இருந்ததை அண்ணன் கேட்டு வாங்கிவந்திருந்தார்.

“செவிட்டு நாயி, திருடன் வந்தா எப்படிலே கொரைக்கும்?” என்றாள் அம்மா.

“எட்டுத் தறி ஓடுத சத்தத்துல திருடன் வந்தா ஒனக்கு மட்டும் கேக்கவா போகுது?” என்றார் அண்ணன்.

காது கேட்கிற எந்த நாயும் தறிக்கொட்டகையில் ஐந்து நிமிஷம் தங்காது. இவன் நாலாம் தறிக்கு அடியில் படுத்து நாளெல்லாம் தூங்குவான். தரை அதிர்வதுதான் அவனுக்குத் தாலாட்டு. கரண்ட் போய்த் தறிகள் நின்றால் உடனே விழித்துக்கொள்வான். எழுந்து சோம்பல் முறித்து, ஒவ்வொரு தறியாக மோந்து பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடப்பான். வேலை ஏன் நிற்கிறது என்று விசாரணை செய்வது போலவே இருக்கும். அதனால் தறிக்காரர்கள் மேஸ்திரி என்று பெயர் வைத்தார்கள். அவனைக் கூப்பிட வேண்டுமானால் குதிகாலால் தரையை இரண்டு முறை தட்ட வேண்டும். எங்கிருந்தாலும் வந்து நிற்பான்.

மத்தியானம் முக்குக் கடை வரை போய் அண்ணனுக்காகக் காத்திருப்பது அவன் வழக்கம். அண்ணனின் மொபெட்டுக்குப் பின்னால் ஓடி வீட்டுக்கு வருவான். அப்படி வந்த ஒரு மத்தியானத்தில்தான் பின்னால் லாரி வந்தது. லாரிக்காரர் ஆரனை விடாமல் அடித்துக்கொண்டேதான் வந்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வாசலுக்கு இருபது அடி தூரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் அவனை அள்ளிக்கொண்டு வந்தார். “வெளிய செத்தத உள்ள கொண்டாராதப்பா” என்று அம்மா மறித்தாள். அக்கம்பக்கத்தாரும் அதையே சொன்னார்கள். அண்ணன் யார் பேச்சையும் கேட்காமல் அவனை முன்வாசல் வழியாகவே உள்ளே கொண்டுபோய் நாலாம் தறிக்கு அடியில் கிடத்தினார். என் ஞாபகத்தில் அப்படித்தான் இருந்தது.

புதுப் பேண்டேஜ் துணியைக் கிழித்துச் சுற்றினோம். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ரத்தம் ஊறிக்கொண்டே வந்தது. காயத்துக்கென்றே நெய்கிற துணி, அன்றைக்கு எதற்கும் உதவவில்லை. பிறகு அண்ணன் கையை உயர்த்தித் தறிகளை நிறுத்தச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று எட்டும் நின்றன. கொட்டகையில் அப்படி ஒரு அமைதி. எல்லோரும் தறிக்கு அடியில் பார்த்தார்கள்.

“எந்திரிக்கணும்லா,” என்றார் அண்ணன். “தறி நின்னா எந்திரிப்பான்லா.” சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா சாவுக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் காதர் அண்ணன் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் குழி வெட்டினார். அவரே தூக்கி உள்ளே வைத்தார். “பாய், நீங்க நாயத் தொடலாமா?” என்று யாரோ கேட்டார்கள். “தொட்டா கழுவணும். ஏழு தடவ கழுவிக்கிடுதேன், அதுக்கென்ன” என்றார். சொன்னபடி அடிபம்பில் ஏழு முறை கழுவினார், ஒரு முறை மண்ணைத் தேய்த்து. நான்தான் பம்ப் அடித்தேன், எண்ணிக்கொண்டே அடித்தேன். மூன்றாம் நாள் பால் ஊற்றினோம். பதினாறாம் நாள் அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கிவந்தார். அது கட்டிவரும் எண்ணெய்க் காகிதத்தை நக்குவதென்றால் மேஸ்திரிக்கு உயிர். ஒரு இலையில் வைத்துப் படைத்தோம். காக்கா வந்து எடுத்தது.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு, பதின்மூன்று வருடம் கழித்து இன்னொரு நாட்டில், ‘வீட்டுக்கு வேண்டாம்’ என்று சொன்னவளும் நான்தான். விமானம் ஏறும்போது ஊர்க் கட்டுப்பாடுகளை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்துவந்திருக்கிறேன். அவற்றை மீறிய மனுஷர்களை அங்கேயே விட்டுவிட்டேன்.

4

வசந்த காலத்தில் நகராட்சியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. முதல் கடிதத்தில் இருந்த ‘அன்புள்ள’ இதில் இல்லை.

“வில்லையத்தான் வாங்கிக் குடுத்துத் தொலையேன்” என்றார் என் கணவர்.

“நீங்க கேட்டு வாங்குங்க.”

அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்கும் முகம் இல்லை. ஆனால் அவர் பார்வையில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமியாரும் அதையே சொன்னார்கள். “நீ சொன்னது சரிதானம்மா. வெளிய போனத யாரு உள்ள விடுவா? நாய்க்குப் போயி இம்புட்டுத் துக்கமா?”

ஊரே என்னைச் சரி என்றது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. தேர் நிற்கும் தெருவில் நடந்தபோது நித்யா ஒரு கடை முன்னால் நின்று, பால்கோவாவைக் காட்டி, அவள் அப்பாவிடம் தமிழில் கேட்டாள்: “இதைத்தானே அந்த நாய்க்கு வெச்சாங்க?” மேஸ்திரியின் கதையை நான் அவளிடம் சொன்னதில்லை. போனில் மாமா சொல்லியிருக்கிறார். நான் ஒரு பொட்டலம் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

5

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அம்மா போய்விட்டாள். அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. தறிகள் அதே எட்டுதான், அதே சத்தம்தான். போன உடனே நித்யா கொட்டகைக்குள் நுழைந்து நாலாம் தறிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தாள். அண்ணன் பின்னாலேயே போனார்.

“இது என்னட்டி கழுத்துல, தாயத்தா?”

“இல்ல மாமா. ப்ரூனோவோடது. அவர் செத்துட்டார்.”

நாயை ‘அவர்’ என்றதற்கு அண்ணன் சிரிக்கவில்லை. “அவிய இப்போ எங்க இருக்காக?” என்று மரியாதையாகவே கேட்டார். நித்யா திரும்பி என்னைப் பார்த்தாள்.

சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் தறிச் சத்தத்தில் சாதாரணமாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? கத்தித்தான் சொன்னேன். துண்டு போர்த்தியது, டாக்டர் கேட்டது, நான் சொன்னது, கையெழுத்து, லாரி, ஆலை எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். கடைசியில், “நீங்க அன்னைக்கு யாரு சொல்லியும் கேக்காம மேஸ்திரிய உள்ள தூக்கிட்டு வந்தீங்க. அதப் பாத்த நானே இப்படிப் பண்ணிட்டேன்ணே” என்றேன்.

அண்ணன் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்து உட்கார வைத்தார். நித்யாவும் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி செண்பகம், நானா தூக்கிட்டு வந்தேன்?” என்றார். “எனக்கு அம்புட்டுத் தைரியம் ஏது? அம்மா மறிச்சதும் வாசல்லயே நின்னுட்டேன். கையில அவன், கால் நகரல. நீதான உள்ளருந்து ஓடியாந்து ரெண்டு கதவையும் விரியத் தொறந்துவிட்ட.”

“நானா?”

“நீதான். ‘அவன் வெளிய சாகலண்ணே, வீட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்தான். மீதி இருபது அடிய நாம தூக்கிட்டுப் போவோம்’னு சொன்ன. பொறவுதான் நான் படி ஏறினேன். அம்மா சாகுத வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி ஒன்ன வைவா. எல்லாம் மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். அந்தக் கதவைத் திறந்த பெண் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறுதலாகவும் இருந்தது, செருப்பால் அடித்த மாதிரியும் இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

“அம்மாவா கதவத் தொறந்தது?” என்று நித்யா மாமாவைக் கேட்டாள்.

“ஒங்கம்மாதான்த்தா.” அண்ணன் எழுந்தார். “சரி, அழுதது போதும். அவியளும் வீட்டுக்கு வந்துக்கிட்டுத்தான இருந்தாக? மீதியத் தூக்கிட்டு வாங்க. நான் கதவத் தொறந்து வைக்கேன்.”

நானும் நித்யாவும் ரோட்டுக்குப் போனோம். மேஸ்திரி அடிபட்ட இடத்தைக் காட்டினேன். அவள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, வில்லையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டாள். வாசலில் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. இருபது அடி. அவள் மெதுவாக நடந்தாள். நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உள்ள கொண்டு போம்மா” என்றேன். படி ஏறி, வீட்டைக் கடந்து, கொட்டகைக்குப் போய், நாலாம் தறிக்கு அடியில் மடித்து வைத்திருந்த புதுப் பேண்டேஜ் துணியில் வில்லையை வைத்தாள்.

அண்ணன் கையை உயர்த்தினார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெர்மனியில் பிறந்த ஒரு நாய்க்காக எட்டுத் தறிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தறி ஏன் நின்றது என்று யாரும் நித்யாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டினாள். தறிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அழுதாள். அக்டோபரிலிருந்து அழாத அழுகை அத்தனையும் வந்தது. நான் அணைத்துக்கொண்டேன். கையைத் தட்டிவிடவில்லை, ஆனால் எதுவும் பேசவுமில்லை.

காதர் அண்ணன் இப்போதும் பிட்டர்தான், பார்வைதான் மங்கிவிட்டது. முருங்கை மரத்தடியில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் கையளவு குழி தோண்டித் தந்தார். வில்லையைத் துணியோடு வைத்து மூடினோம். மூன்றாம் நாள் பால் ஊற்றினோம். பதினாறாம் நாளுக்கு நாங்கள் இருக்க மாட்டோம் என்பதால் பால்கோவாவையும் அன்றே இலையில் வைத்தோம். நித்யா அதை இரண்டு பங்காகப் பிரித்து வைத்தாள்.

6

ஜெர்மனி திரும்பிய மறுவாரம் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நித்யா தானாகவே கூட வந்தாள். படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பினேன். வில்லை திருப்பித் தரப்பட்டதா? இல்லை. காரணம்? ‘நாயோடு புதைக்கப்பட்டது’ என்று எழுதினேன். பொய் எழுதிய உணர்வே எனக்கு வரவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் படித்தாள். “இது நகராட்சியின் சொத்து, புதைக்கக் கூடாது” என்றாள். நான் தலையை ஆட்டினேன். என் முகத்தையும் நித்யாவின் வெறும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, முத்திரையை எடுத்து அழுத்தினாள். காகிதத்தைக் கோப்பில் வைத்து மூடிவிட்டு, நித்யாவின் பக்கம் குனிந்து, “அவன் பெயர் என்ன?” என்று கேட்டாள். அந்தப் படிவத்தில் பெயருக்கு இடம் இல்லை. எண் மட்டும்தான் உண்டு.

நித்யா என் பக்கம் திரும்பினாள். பத்து மாதத்துக்குப் பிறகு, என்னிடம், அதுவும் அவள் மாமா பேசுகிற அதே பேச்சில் கேட்டாள்:

“அம்மா, யாரு பேரக் கேக்காக? அங்க ரெண்டு பேருல்லா இருக்காக?”